0.3 என்ற எண்ணை நேர்மையாக அளப்பவர்கள்: ஒரு ஹெம்ப் ஆய்வகச் சேவை குறித்த மதிப்பீடு

ஹெம்ப் செடியும் கஞ்சாச் செடியும் தாவரவியலில் ஒரே இனம். இரண்டுக்கும் கன்னாபிஸ் சடைவா என்றுதான் பெயர். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இவ்விரண்டையும் பிரித்து நிறுத்துவது ஓர் எண்தான்: உலர் எடையில் 0.3 சதவீதம் டிஎச்சி, அதாவது போதை தரும் வேதிப்பொருள். அதற்கு மேற்படாவிட்டால் வயலில் நிற்பது சட்டம் ஏற்ற வேளாண் பயிர். மேற்பட்டால் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். 2018 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான வேளாண் சட்டம் இந்தக் கோட்டைப் போட்டது. பயிர் அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லும் வேலை ஆய்வகங்களின் கையில் விழுந்தது. ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் ஆய்வகம் அனுப்பும் ஒரு தாளில் எழுதப்படும் எண்ணில் முடிகிறது என்பதால், அந்தத் தாளைத் தருபவர் யார், எப்படித் தருகிறார் என்பதை எங்கள் விவசாயிகள் குழு உயிர்ப் பிரச்சினையாகவே கருதுகிறது. குழுவின் தரக் கட்டுப்பாட்டுக் காகிதங்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. கடந்த இரண்டு பருவங்களாக நாங்கள் பயன்படுத்திவரும் ஆய்வகத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். அதற்கு முந்தைய பருவத்தில் வேறோர் ஆய்வகத்திடம் பெற்ற அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இப்போதைய சேவையின் அருமை விளங்காது.

அந்த முதல் பருவத்தில், அதிகாரபூர்வ மாதிரி எடுப்புக்கு முன்பாகப் பயிரின் நிலையை அறிந்துகொள்வதற்காக நாங்களே ஒரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினோம். திரும்பி வந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "டெல்டா-9 டிஎச்சி 0.03 சதவீதம்" என்றும், அதன் அருகே பச்சை நிறத்தில் "தேர்ச்சி" என்றும் இருந்தன. டெல்டா-9 என்பது டிஎச்சியின் முதன்மை வடிவம். எல்லையில் பத்தில் ஒரு பங்குதான் என்று எல்லோரும் நிம்மதியடைந்தோம். இரண்டு நாள் கழித்து இரண்டாம் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தபோதுதான், டிஎச்சிஏ என்ற அமில வடிவம் 0.31 சதவீதம் என்று ஓர் அட்டவணையின் நடுவில் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். பச்சைச் செடியில் டிஎச்சி பெரும்பாலும் இந்த அமில வடிவில்தான் இருக்கிறது. சூடு பட்டதும் அது ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறை இழந்து டிஎச்சியாக மாறுகிறது. அந்த இழப்பைக் கணக்கில் கொள்ளத்தான் டிஎச்சிஏ அளவை 0.877 ஆல் பெருக்கி, ஏற்கெனவே உள்ள டிஎச்சியுடன் கூட்ட வேண்டும் என்பது விதி. இந்தக் கூட்டுத்தொகைதான் மொத்த டிஎச்சி. கூட்டிப் பார்த்தால் 0.30 வந்தது. அத்தோடும் நிற்கவில்லை. அந்த எண்கள் ஈரம் கழிக்கப்படாத மாதிரியின் எடைக்கு எழுதப்பட்டவை. 11 சதவீத ஈரப்பதம் என்ற குறிப்பு அடிக்குறிப்பாக இருந்தது. உலர் எடைக்கு மாற்றியபோது 0.34 ஆயிற்று. முதல் பக்கம் 0.03 என்று சொன்ன அதே பயிர் உண்மையில் எல்லையைத் தாண்டி நின்றிருந்தது. கதிர் முற்ற முற்ற டிஎச்சி ஏறும் என்பதால் அறுவடையைப் பத்து நாள் முன்னுக்கு இழுத்தோம்; அதிகாரபூர்வச் சோதனையில் மயிரிழையில் தப்பினோம். அந்த அறிக்கையில் பொய் என்று சுட்டும்படி ஒரு எண்கூட இல்லை. ஆனால் விவசாயி பார்க்கும் இடத்தில் உண்மை வைக்கப்படவில்லை. இதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

இப்போதைய ஆய்வகத்தின் அறிக்கையில் முதல் பக்கத்து முதல் வரியே மொத்த டிஎச்சி, உலர் எடையில், அளவீட்டு நிச்சயமின்மையுடன் என்று தொடங்குகிறது. இது அவர்களின் பெருந்தன்மை அன்று, கடமை. அமெரிக்க வேளாண்மைத் துறை 2021 ஜனவரி 19 அன்று வெளியிட்டு, மார்ச் 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இறுதி விதி, டிஎச்சிஏ டிஎச்சியாக மாறக்கூடிய அளவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும், முடிவை உலர் எடைக்கே தர வேண்டும், நிச்சயமின்மையையும் உடன் அறிவிக்க வேண்டும் என்று மூன்றையும் தெளிவாகக் கேட்கிறது. 2025 நவம்பரில் கையெழுத்தான செலவினச் சட்டம், ஓராண்டு அவகாசத்துடன், ஹெம்ப் என்பதன் சட்ட வரையறையையே மொத்த டிஎச்சிக்கு மாற்றியிருக்கிறது. எனவே டெல்டா-9ஐ மட்டும் பெரிதாக அச்சிடும் பழக்கத்துக்கு இனி எந்தச் சாக்கும் இல்லை.

ஒப்பந்தம் செய்யும் முன் ஆய்வகத்தை நேரில் பார்க்க அனுமதி கேட்டேன், தயங்காமல் கொடுத்தார்கள். நான் அதிக நேரம் நின்றது கருவிகளுக்கு முன்னால் அன்று, மாதிரியை அரைக்கும் மேசைக்கு முன்னால்தான். வயலில் மாதிரி எடுப்பவர் பயிற்சி பெற்ற மாதிரி முகவராக இருக்க வேண்டும், விவசாயி தானே எடுக்கக் கூடாது. முதன்மைத் தண்டின் பூக்கும் உச்சியிலிருந்து ஐந்து முதல் எட்டு அங்குலம் வரை வெட்டி எடுக்க வேண்டும் என்பன விதிகள். அப்படி வெட்டப்பட்ட பல செடிகளின் உச்சிகள் ஒரே காகிதப் பையில் ஆய்வகத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கே அவற்றை ஈரம் ஏறத்தாழ 5 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கி எடை நிலைக்கும் வரை உலர்த்தி அரைத்து, 1.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிச் சல்லடையில் சலிக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது சல்லடையின் மேல் முற்றிய விதைகளும் ஈர்க்குப் போன்ற தண்டுத் துண்டுகளும் தங்கின. கீழே கரும்பச்சைப் பொடி விழுந்தது. அந்த ஊழியர் மேலே நின்றதை ஒரு தட்டில் கொட்டி எடை போட்டுப் பதிவேட்டில் எழுதினார். எதற்கு என்று கேட்டேன். "விதையிலும் தண்டிலும் டிஎச்சி மிகக் குறைவு, அவற்றையும் சேர்த்து அரைத்தால் எண் கீழே போய்விடும். எவ்வளவை நீக்கினோம் என்று பிறகு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா?" என்றார். அந்தப் பதில்தான் என்னைக் கையெழுத்திட வைத்தது. பிறகு பொடியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி, மற்றொன்றை முத்திரையிட்ட குப்பியில் இருப்பு மாதிரியாக வைத்தார்கள். முடிவில் பிழை இருப்பதாக விவசாயி கருதினால் மறுசோதனை கேட்க வழி இருக்கிறது. அப்போது கைகொடுப்பது இந்தக் குப்பிதான்.

கருவியைப் பொறுத்தவரை அவர்கள் உயர்திறன் திரவ குரோமட்டோகிராபியைப் பயன்படுத்துகிறார்கள். கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை அது; ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் ஒரு சிகரமாகத் தெரியும். விதி இதையோ வாயு குரோமட்டோகிராபியையோ கட்டாயமாக்கவில்லை. அமில வடிவத்தின் மாற்றத்தைக் கணக்கில் கொள்ளும் நம்பகமான முறையாக இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிர் மானியத்துக்கான சோதனைக்கு வாயு முறைதான் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அங்கே எல்லை 2023 முதல் 0.2லிருந்து 0.3 சதவீதமாக உயர்ந்தது. மாதிரி எடுக்கும் முறையும் வேறு. ஆகவே ஒரு கரையில் எடுத்த எண்ணை மறுகரையின் எண்ணோடு அப்படியே ஒப்பிட இயலாது. வாயு முறையில் மாதிரி நுழையும் இடத்துச் சூட்டிலேயே டிஎச்சிஏ டிஎச்சியாக மாறிவிடும். அந்த மாற்றம் முழுமையடையாவிட்டால் எண் குறைந்து காட்டும். திரவ முறையில் இரண்டும் தனித்தனிச் சிகரங்களாக நிற்பதால் கணக்கை நாமே சரிபார்க்கலாம். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: டெல்டா-9இன் நெருங்கிய உறவான டெல்டா-8 என்ற வடிவத்தின் சிகரமும் டெல்டா-9 சிகரமும் அருகருகே வெளிவருகின்றன. அவற்றைப் பிரிக்காமல் சேர்த்து எண்ணினால் விவசாயிக்குத்தான் நட்டம். எங்கள் முதல் மாதிரியின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு சிகரங்களுக்கும் நடுவே கோடு அடித்தளத்தைத் தொட்டுவிட்டு மேலேறியிருந்தது. இதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

இனி அளவீட்டு நிச்சயமின்மைக்கு வருகிறேன். இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே அதுதான். எந்த அளவீட்டிலும் சிறு ஊசலாட்டம் உண்டு. ஆய்வகம் அதைக் கணித்து, எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியுடன் எழுத வேண்டும். அப்படிக் கிடைக்கும் வீச்சுக்குள் 0.3 அல்லது அதற்குக் குறைந்த மதிப்பு விழுந்தால் பயிர் ஏற்கத்தக்கது. இதற்கு வேளாண்மைத் துறையே ஓர் எடுத்துக்காட்டு தருகிறது: 0.35 என்ற முடிவும் 0.06 என்ற நிச்சயமின்மையும் வந்தால் வீச்சு 0.29 முதல் 0.41 வரை, ஆகவே அந்தப் பயிர் தப்பும். அறிவியல் சார்ந்த, விவசாயியிடம் நியாயமாக நடந்துகொள்ளும் ஏற்பாடு இது, வரவேற்கிறேன். ஆனால் அந்த நிச்சயமின்மை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு விதி மேல் வரம்பும் வைக்கவில்லை, கீழ் வரம்பும் வைக்கவில்லை. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கவனமில்லாமல் வேலை செய்து பெரிய நிச்சயமின்மை எழுதும் ஆய்வகத்திடம் போகும் விவசாயி தப்புவார். கவனமாக வேலை செய்து சிறிய நிச்சயமின்மை எழுதும் ஆய்வகத்திடம் போகும் விவசாயி மாட்டிக்கொள்வார். நல்ல வேலைக்குத் தண்டனை தரும் இந்த ஓட்டையை அடைக்காமல் விட்டது அந்த விதியின் மிகப்பெரிய குறை என்று நான் உறுதியாகச் சொல்வேன். நாங்கள் ஆய்வகம் தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு விற்பனைப் பிரதிநிதி, தங்கள் ஆய்வகத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் 0.12 நிச்சயமின்மை தருவதாகச் சலுகை போலச் சொன்னார். அந்த எண்ணை எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

சென்ற பருவத்தில் எங்கள் ஒரு வயலின் முடிவு 0.36, நிச்சயமின்மை 0.04 என்று வந்தது. வீச்சு 0.32இல் தொடங்கியதால் பயிர் தேறவில்லை. அவர்கள் 0.06 என்று எழுதியிருந்தால் தப்பியிருப்போம் என்பதை உணர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குழுவில் கோபம் பொங்கியது. மறுசோதனை கேட்டோம், இருப்புக் குப்பியிலிருந்து எடுத்துச் செய்தார்கள், 0.35 வந்தது, நிச்சயமின்மை அதே 0.04. தேறவில்லை. ஆய்வகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளரை நான் தொலைபேசியில் அழைத்தபோது, அவர் முக்கால் மணி நேரம் ஒதுக்கி அந்த 0.04 எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு கூறாக விளக்கினார்: ஒரே பொடியை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஊழியர்கள் சோதித்தபோது கிடைத்த சிதறல், தராசின் பங்கு, ஒப்பிட்டு அளக்கப் பயன்படும், செறிவு தெரிந்த தரக் கரைசலின் சான்றிதழில் உள்ள ஊசலாட்டம், ஈரப்பத அளவீட்டின் பங்கு என்று வரிசையாகச் சொல்லி, கணக்குத் தாளையும் அனுப்பிவைத்தார். "உங்களுக்காக நான் இந்த எண்ணைப் பெரிதாக்கினால், நாளை உங்கள் பொருளை வாங்குபவர் என் எந்த எண்ணை நம்புவார்?" என்று அவர் கேட்டபோது எனக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த வயலின் பூக்களை விலைக்கு விற்கும் வாய்ப்பு போயிற்று. ஆனால் இறுதி விதி பயிரை முற்றாக அழிக்கச் சொல்வதோடு நிற்காமல் சீரமைப்புக்கும் இடம் தருகிறது: பூக்களை நீக்கிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம், அல்லது முழுச் செடியையும் துண்டாக்கி ஒன்றாகக் கலந்து மீண்டும் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தோம், கலவை 0.21 காட்டித் தேறியது. 1.0 சதவீதத்தைத் தாண்டாததால் அலட்சிய மீறல் என்ற பதிவும் விழவில்லை. ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை அப்படிப் பதிவானால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு ஹெம்ப் பயிரிடும் தகுதியே போய்விடும் என்பதால் அது சிறிய ஆறுதல் அன்று. இவ்வளவு இழப்புக்குப் பிறகும் அந்த ஆய்வகத்திலேயே தொடர வேண்டும் என்று குழுவில் நான் வாதாடினேன். அவர்களின் எண்ணை முன்வைத்தே அடுத்த பருவத்துக்கு விதை இரகத்தை மாற்றினோம், அறுவடைத் தேதியை முன்னே நகர்த்தினோம். 0.12 என்ற மெத்தையின் மேல் படுத்திருந்தால் இவற்றில் எதையும் செய்திருக்க மாட்டோம்.

ஆய்வகத்தின் தகுதிச் சான்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கும் விதி தளர்வாகவே இருக்கிறது. சோதனை ஆய்வகங்களின் திறனுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருப்பது நல்லது என்று வேளாண்மைத் துறை சொல்கிறதே ஒழியக் கட்டாயமாக்கவில்லை. சில மாநிலங்கள் தாமாகவே கேட்கின்றன. இந்த ஆய்வகம் 2017ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அங்கீகாரம் பெற்றது. சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்து நான் திருப்தியடையவில்லை. அதனுடன் வரும் செயல் எல்லைப் பட்டியலைக் கேட்டேன். ஒரு ஆய்வகம் குடிநீர்ச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்றுவிட்டு அதே முத்திரையை ஹெம்ப் அறிக்கையிலும் பளிச்சென்று காட்டலாம். பட்டியலில் ஹெம்ப் தாவரப் பொருள், கன்னாபினாய்டு (டிஎச்சி போன்ற கஞ்சாச் செடிச் சேர்மங்கள்) அளவு, பயன்படுத்தும் முறை ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருந்தால்தான் அந்த முத்திரைக்குப் பொருள். இங்கே மூன்றும் இருந்தன. கென்டக்கி பல்கலைக்கழகம் நடத்தும் ஹெம்ப் திறன் சோதனைத் திட்டத்திலும் அவர்கள் பங்கேற்கிறார்கள். பல ஆய்வகங்களுக்கு ஒரே பொடியை அனுப்பி, ஒவ்வொன்றின் முடிவும் மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மதிப்பெண் இடுவது அதன் வழி. மதிப்பெண் இரண்டுக்குள் இருந்தால் நலம், மூன்றைத் தொட்டால் கோளாறு. கடந்த சுற்றுகளின் மதிப்பெண்களைக் கேட்டேன். இரண்டைத் தாண்டிய ஒரு சுற்றையும் மறைக்காமல், அதற்குப் பிறகு என்ன திருத்தினார்கள் என்ற குறிப்போடு அனுப்பினார்கள். 2024இல் அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட, அளவுகள் முன்பே தெரிந்த ஹெம்ப் தாவர ஒப்பீட்டுப் பொருளையும் வாங்கித் தங்கள் முறையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போதைப்பொருள் அமலாக்க நிர்வாகத்தின் பதிவு அவர்களிடம் இருக்கிறது. மாதிரி 0.3ஐத் தாண்டிவிட்டால் ஆய்வகம் கையில் வைத்திருப்பது சட்டப்படி போதைப்பொருள் ஆகிவிடுவதால் இந்தப் பதிவு வேண்டும் என்பது விதி. பதிவு பெற்ற ஆய்வகங்கள் போதாமையால் அதன் அமலாக்கத்தை முதலில் 2022 டிசம்பர் 31 வரை தள்ளிவைத்தார்கள், அதன் பிறகும் நீட்டித்தார்கள். ஒத்திவைப்பை நம்பிக் காத்திராமல் முன்கூட்டியே பதிவு பெற்றவர்களிடம் போவது பாதுகாப்பு.

குறைகளும் இருக்கின்றன. குரோமட்டோகிராம் வரைபடம் அறிக்கையோடு தானாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது, கேட்டாலும் இரண்டு நாள் ஆகிறது. இதை விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கட்டமாகச் சேர்க்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். அறுவடைக் காலத்தில் முடிவு வர ஒன்பது வேலை நாட்கள் வரை எடுத்தார்கள். மாதிரி எடுத்த 30 நாட்களுக்குள் அறுவடையை முடித்தாக வேண்டும் என்பதால் அந்த ஒன்பது நாளும் எங்கள் கழுத்தில் கயிறு போல இருந்தன. மழை வந்தால் பூஞ்சை வரும் என்ற பயம் வேறு. இணையவழிப் பதிவில் வயல் எண்ணைத் தவறாக உள்ளிட்டால் நாமே திருத்த முடிவதில்லை. தொலைபேசியில் அழைத்துத்தான் மாற்ற வேண்டும். பூச்சிக்கொல்லி எச்சம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள், பூஞ்சை நச்சு ஆகியவற்றுக்கான சோதனைகளை அவர்கள் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அறிக்கையில் அதைச் சிறிய எழுத்தில்தான் குறிப்பிடுகிறார்கள். கூட்டாட்சி ஹெம்ப் விதி டிஎச்சியை மட்டுமே கேட்பதால் இது சட்ட மீறல் அன்று. ஆயினும் உண்பதற்கான எண்ணெய் எடுக்க வாங்குபவர்கள் இவற்றையும் கேட்கிறார்கள், ஆகவே எங்கே சோதித்தது என்பதைப் பெரிய எழுத்தில் சொல்வதே முறை.

வரும் பருவத்துக்கு நான்கு வயல்களையும் அவர்களிடமே பதிவு செய்திருக்கிறோம். பூ அரும்பிய நான்காம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முன்சோதனை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். சென்ற ஆண்டு தேறாத வயலின் இருப்புக் குப்பியை, புதிய இரகத்தோடு ஒரே நாளில் ஒப்பிட்டுச் சோதிக்கும்வரை அப்புறப்படுத்தாமல் வைத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.